அமெரிக்கக் கல்லூரி கொல்ப் பருவம்: என் கடைச் சுவரைப் பார்த்து நீங்கள் கேட்கும் கேள்விகள்

நுவரெலியா நகரில் சிறிய கொமியுனிகேஷன் கடை நடத்துகிறேன். ஒரு சுவரில் ரீலோட் அட்டைகள் தொங்கும். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய அட்டை. அதில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக ஆண்கள் கொல்ப் அணியின் வீரர் பெயர்களும், ஒவ்வொரு சுற்றிலும் அவர்கள் அடித்த எண்களும், அதாவது எத்தனை அடியில் முடித்தார்கள் என்ற கணக்கும், இருக்கும். ரீலோட் போட வருகிறவர்கள், பாடக்குறிப்பைப் பிரதி எடுக்க வரும் மாணவர்கள், மைதானத்தில் பை சுமக்கும் கெடிமார் என எல்லோரும் அந்த அட்டையின் முன் நின்று கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றேதான். புதிய பருவத்துக்கு அட்டையை மாற்றும் நேரத்தில் அவற்றுக்கான பதில்களையும் எழுதிவிடுகிறேன்.

சீசன் தொடங்குகிறது என்கிறீர்களே அண்ணா, சீசன் ஏப்ரலில்தானே?

நுவரெலியாவில் பிறந்தவருக்கு இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். நமக்குச் சீசன் என்றால் ஏப்ரல் மாதத்துப் பூக்கள், குதிரைப் பந்தயம், கிரகரி வாவிக் கரைக் கூட்டம். அமெரிக்கக் கல்லூரி கொல்ப் பருவமோ செப்டெம்பரில் தொடங்கி அடுத்த வருடம் மே மாத இறுதியில் முடிகிறது. நவம்பரில் குளிருக்காக நிறுத்திவிட்டு, ஜனவரி கடைசியிலோ பெப்ரவரியிலோ மறுபடி தொடங்குவார்கள். முன்பாதிக்கு இலையுதிர்காலம் என்றும் பின்பாதிக்கு வசந்தகாலம் என்றும் பெயர்.

நம் ஊர்ச் சீசன் கூட்டம் கலைந்து தெரு வெறிச்சோடும்போதுதான் அங்கே சூடு பிடிக்கும். ஏப்ரல் பிற்பகுதியில் அந்தந்தக் கல்லூரிக் கூட்டமைப்பின் சம்பியன் போட்டி, மே நடுவில் பிராந்தியப் போட்டி, மே கடைசியில் தேசியப் போட்டி என்று வரிசையாக வரும்.

கல்லூரிப் பிள்ளைகள் விளையாடுவதைப் போய் இவ்வளவு அக்கறையாகப் பார்க்க வேண்டுமா?

வேண்டும். டைகர் வூட்ஸ் 1996இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக மாணவராக என்.சி.ஏ.ஏ. தனிநபர் சம்பியன் ஆனார். என்.சி.ஏ.ஏ. என்பது அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு. ஃபில் மிக்கெல்சன் அதே பட்டத்தை மூன்று முறை வென்றவர். ரிக்கி ஃபௌலரும் விக்டர் ஹோவ்லண்டும் நான் பின்தொடரும் இந்த அணியிலிருந்தே போனவர்கள். தொலைக்காட்சியில் பெரிய பெயராக வரும் முன்பே ஒருவரை அறிந்திருப்பதும், பத்தொன்பது வயதில் அவர் 79 அடித்துத் தலைகுனிந்த நாளைக் கொப்பியில் குறித்து வைத்திருப்பதும் தனி நெருக்கத்தைத் தரும்.

உங்களுக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா? ஏன் இந்த அணி?

சொந்தம் யாரும் இல்லை. என் அப்பா நுவரெலியாவில் கெடியாக இருபத்தெட்டு வருடம் பை சுமந்தவர். இங்குள்ள மைதானம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரர்கள் உருவாக்கியது. அதில் பை சுமந்தும் புல் வெட்டியும் பிழைத்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய. ஒருமுறை அப்பா பை தூக்கிய வெளிநாட்டுக்காரர் ஒருவர், விளையாடி முடித்ததும் தன் தலையிலிருந்த செம்மஞ்சள் தொப்பியைக் கழற்றி அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தொப்பி பல வருடம் எங்கள் வீட்டுக் கதவருகே ஆணியில் தொங்கியது. அதில் இருந்த எழுத்துகளுக்கு என்ன பொருள் என்று தேடப் போய்த்தான் ஓக்லஹோமா மாநில அணியைக் கண்டேன்.

தேடிய இடத்தில் பெரிய வரலாறு கிடந்தது. 1963 முதல் 2025 வரை 12 தேசியப் பட்டங்கள். அவற்றில் எட்டு, மைக் ஹோல்டர் என்ற ஒரே பயிற்சியாளரின் காலத்தில் வந்தவை. ஸ்டில்வாட்டர் என்ற சிற்றூரில் கார்ஸ்டன் கிரீக் என்று சொந்த மைதானமும் உண்டு. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டவை அவர்கள் தோற்ற வருடங்கள்தான். அதைக் கீழே சொல்கிறேன்.

ஐந்து பேர் விளையாடுகிறார்கள், நான்கு பேரின் எண்களைத்தான் கூட்டியிருக்கிறீர்கள். கணக்குப் பிழையா?

பிழையில்லை, அதுதான் விதி. ஒரு சுற்றில் ஐந்து பேர் ஆடுவார்கள், குறைவாக அடித்த நான்கு பேரின் எண்களே அணிக் கணக்கில் சேரும். ஐவர் 68, 70, 71, 73, 78 என்று அடித்தால் 78ஐ விட்டுவிட்டு 282 என்று எழுதுவோம். மைதானத்தின் பார், அதாவது தேர்ந்த வீரர் ஒரு சுற்றை முடிக்க வேண்டிய அடிக்கணக்கு, 72 என்றால் நால்வருக்கு 288. ஆகவே அணி ஆறு குறைவு. கொல்பில் குறைவே நல்லது.

வழக்கமான போட்டி மூன்று சுற்று, அதாவது 54 குழி. பல போட்டிகளில் முதல் நாளிலேயே இரண்டு சுற்றையும் ஆடி முடிப்பார்கள். 36 குழி, அதுவும் பெரும்பாலும் தங்கள் பையைத் தாங்களே சுமந்துகொண்டு. இதைச் சொன்னதும் நம் கெடிமாரின் முகத்தில் ஒரு மரியாதை வரும்.

அப்படியானால் அந்த ஐந்தாவது பையன் பாடுபட்டது வீண்தானே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். சேராத எண்ணை நான் அட்டையில் அழிப்பதில்லை, வட்டம் போட்டு வைக்கிறேன். தோட்டத்தில் காலையிலேயே மலைக்கு ஏறி, நாள் முழுக்க நின்றும், கொழுந்து குறைந்ததால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, மட்டும் விழுந்த நாளை நம் அம்மாமார் மறப்பார்களா? அந்த நாளும் உழைத்த நாள்தான்.

கணக்காகவே பாருங்கள். மேலே சொன்ன அணியில் 78 அடித்தவர் மறுநாள் 71 அடிக்கிறார் என்று வையுங்கள். மற்ற நால்வர் 70, 72, 73, 80. இப்போது வட்டத்துக்குள் போவது 80, மொத்தம் 286. அன்றும் அவர் 78தான் அடித்திருந்தால் மொத்தம் 293. ஏழு அடி வித்தியாசம், பல போட்டிகளில் முதலிடத்துக்கும் ஐந்தாமிடத்துக்கும் இடையிலான தூரம். வட்டம் ஒரே ஆளிடம் தங்குவதில்லை. இன்று இவருக்கு, நாளை அணியின் நட்சத்திரத்துக்கே. ஐந்தாவது ஆள் எழுந்து நிற்கும் அணிதான் மே மாதம்வரை நிலைக்கிறது என்பது இத்தனை வருடம் குறித்து வைத்ததில் நான் கண்டது.

அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். மாலையில் கடைக்கு வந்தால் முதலில் கேட்பது, “வட்டத்துக்குள் இன்றைக்கு யார்?” என்பதுதான்.

பட்டியலில் ஆறாவது பெயர் ஒன்று இருக்கிறதே, அவர் எண்ணை ஏன் எங்கும் காணோம்?

அவர் தனிநபராக ஆடுகிறவர். ஐவரில் இடம் கிடைக்காத வீரரைச் சில போட்டிகளில் தனியாக ஆட விடுவார்கள். எவ்வளவு நன்றாக அடித்தாலும் அணி மொத்தத்தில் சேராது. ஆனால் பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருப்பார். அணிக்குள் அடிக்கடி நடக்கும் தகுதிச் சுற்றுகளும், இப்படித் தனியாக ஆடும் போட்டிகளும்தான் அடுத்த ஐவரைத் தீர்மானிக்கும். புதிய பருவத்தின் முதல் இரண்டு மாதங்களில் இந்த ஆறாம், ஏழாம் பெயர்களைக் கவனியுங்கள். வசந்தகாலத்தில் ஐவருக்குள் வரப்போகிறவர் அங்கேதான் இருப்பார்.

ஃபிரெஷ்மன், சொஃபமோர் என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருப்பது என்ன?

முதலாம் வருடம், இரண்டாம் வருடம். மூன்றாம் வருடத்தார் ஜூனியர், நான்காம் வருடத்தார் சீனியர். ‘ரெட்ஷர்ட்’ என்றிருந்தால், ஒரு வருடம் போட்டியில் இறங்காமல் பயிற்சி மட்டும் எடுத்து, விளையாடும் தகுதியில் அந்த வருடத்தைச் சேமித்தவர் என்று பொருள்.

போன வருடம் வேறு பல்கலைக்கழகத்தில் இருந்த பையன் இப்போது இங்கே எப்படி வந்தான்?

அங்கே மாணவ வீரர்கள் கல்லூரி மாறலாம். மாற விரும்புகிறவர் தம் பெயரை ஒரு பொதுப் பதிவில் சேர்ப்பார், மற்றப் பயிற்சியாளர்கள் தொடர்புகொள்வார்கள். ஈதன் ஃபாங் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டில்வாட்டருக்கு இப்படி வந்தவர்தான். வந்த முதல் பருவத்திலேயே, 2025 மே மாதம், அணி தேசியப் பட்டம் வென்றது. அடுத்த மாதம் இங்கிலாந்தின் ரோயல் செயின்ட் ஜோர்ஜஸ் மைதானத்தில் பிரித்தானிய அமெச்சூர் (தொழில்முறை அல்லாதோர்) சம்பியன் பட்டத்தையும் அவர் வென்றார்.

அடிக்கடி மாறுவது எனக்கு உவப்பில்லை. மூன்று வருடம் ஒரே வரியில் எழுதிய பெயரை அடித்து வேறு ஊருக்கு அனுப்புவது மனதுக்குக் கஷ்டம். ஆனால் அது அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை. ஆகையால் மாறிப் போனவருக்கும் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு வரி வைத்திருக்கிறேன்.

69 அடித்தவரை விட்டுவிட்டு 72 அடித்தவருக்கு நட்சத்திரம் போட்டிருக்கிறீர்களே?

எண் தனியாக எதையும் சொல்லாது. காற்றும் மழையுமான நாளில் எல்லோரும் சராசரியாக 75 அடிக்கும்போது ஒருவர் 72 அடித்தால் அவர் மற்றவர்களை மூன்று அடியால் வென்றிருக்கிறார். காற்றில்லாத, புல்தரை மெதுவான நாளில் சராசரி 69 என்றால், 69 அடித்தவர் கூட்டத்தோடு கூட்டம். நவம்பர் மழையில் நம் மைதானத்தில் ஆடிப் பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அன்றைய சராசரியை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். யார் உண்மையில் முன்னேறுகிறார் என்பது நான்கு போட்டிக்குள் தெரிந்துவிடும்.

நம் மைதானத்தில் அவர்கள் ஆடினால் 60க்குள் அடிப்பார்களா?

கெடிமாருக்கு மிகவும் பிடித்த வாக்குவாதம் இது. நுவரெலியா மைதானம் பார் 70, நீளம் ஏறத்தாழ 5,500 யார். கார்ஸ்டன் கிரீக் பார் 72, ஏறத்தாழ 7,400 யார். இதோடு உயரத்தையும் சேர்க்க வேண்டும். நாம் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறோம். காற்றின் அடர்த்தி குறைவு, பந்து நூற்றுக்கு ஆறேழு வீதம் கூடுதலாகப் பறக்கும். நீளம் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இராது.

ஆனால் நம் மைதானத்தின் பாதுகாப்பு நீளத்தில் இல்லை. ஓரங்களில் நெருங்கி நிற்கும் மரங்கள், குறுகிய வழிகள், சிறிய கிரீன்கள் (குழியைச் சுற்றிய ஒட்ட வெட்டிய புல்தரைகள்), கண்ணுக்குத் தெரியாத சரிவுகள். அப்பா கிரீனில் குனிந்து பார்க்கமாட்டார், கொடிக்கும் பந்துக்கும் நடுவே மெல்ல நடப்பார். எந்தப் பாதத்தில் பாரம் இறங்குகிறது என்று பார்த்துச் சரிவைச் சொல்வார். அவர் பக்கத்தில் நின்றால் 60க்குள் அடிப்பார்கள், தனியாக விட்டால் கஷ்டம் என்பது என் கணிப்பு.

எங்கள் நேரத்துக்கு எத்தனை மணிக்கு, எதில் பார்ப்பது?

ஓக்லஹோமா நேரம் நமக்கு 10 மணி 30 நிமிடம் பின்னால். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறுவரை 11 மணி 30 நிமிடம். காலை 8 மணிக்கு ஆட்டம் தொடங்கினால் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. முதல் சுற்றை இராச் சாப்பாட்டோடு பார்த்துவிடலாம். தேசியப் போட்டி 2024 முதல் கலிபோர்னியாவில், கார்ல்ஸ்பாட் நகரின் லா கோஸ்டா மைதானத்தில் நடக்கிறது. அங்கே 12 மணி 30 நிமிட வித்தியாசம். மாலை 4 மணி ஆட்டம் நமக்கு மறுநாள் அதிகாலை 4.30.

வழக்கமான போட்டிகளுக்கு நேரடி எண்பலகை போதும். கிளிப்ட் நிறுவனத்தின் ஸ்கோர்போர்ட் தளத்தில் குழிக்குக் குழி வரும், டேட்டாவும் அதிகம் செலவாகாது. மேலே சொன்ன ஆறாவது பெயரையும் அங்கேயே காணலாம்.

மே மாதத்தில் மட்டும் அட்டையில் கோடுகள் மாறிவிடுகின்றனவே?

போட்டி முறையே மாறுவதால்தான். ஆண்கள் பிரிவில் 81 அணிகள் ஆறு பிராந்தியப் போட்டிகளில் ஆடும். ஒவ்வொன்றிலும் முதல் ஐந்து, ஆக 30 அணிகள் தேசியப் போட்டிக்குப் போகும். அங்கே மூன்று சுற்று முடிந்ததும் 15 அணிகள் மிஞ்சும், நான்காம் சுற்று முடிந்ததும் 8. தனிநபர் சம்பியனும் அந்த நான்காம் சுற்றோடு தீர்மானமாகிவிடுவார். அவர் தொடர்ந்து அமெச்சூராக இருந்தால் அகஸ்டா மைதானத்தில் நடக்கும் மறுவருட மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டிக்கு அழைப்பும் வரும். 2024இல் வென்ற ஹிரோஷி டாய் 2025இல் அப்படித்தான் அகஸ்டாவில் ஆடினார்.

எட்டு அணிகளுக்குப் பிறகு கூட்டல் கணக்கு கிடையாது. ஆளுக்கு ஆள் நேரடி மோதல். ஐந்து மோதல்களில் மூன்றை வென்ற அணி அடுத்த படிக்குப் போகும். வட்டமும் கிடையாது. ஐவரின் ஆட்டமும் ஒரே மதிப்பு.

வருடம் முழுக்க முன்னால் இருந்த அணி கடைசி நாளில் தோற்றுப்போவது நியாயமா?

ஆண்கள் பிரிவில் இந்த முறை 2009இல் வந்தது. அந்த வருடமே, மூன்று சுற்றுக் கணக்கில் முதலிடத்தில் நின்ற ஓக்லஹோமா மாநில அணி நேரடி மோதலின் முதல் படியில் ஜோர்ஜியாவிடம் விழுந்தது. 2010இல் இறுதிவரை போய் அகஸ்டா ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியிடம் தோற்றது. 2011இல் போட்டி அவர்களின் சொந்த மைதானமான கார்ஸ்டன் கிரீக்கில். அரையிறுதியில் மறுபடியும் அதே அகஸ்டா ஸ்டேட், மறுபடியும் தோல்வி. நான் சொன்ன தோல்வி வருடங்கள் இவைதான். 2018இல் அதே கார்ஸ்டன் கிரீக்கில், ஹோவ்லண்டும் மத்தியூ வுல்ஃபும் இருந்த அணி அலபாமாவை 5-0 என வென்றது. முந்தைய மூன்றையும் அறியாதவருக்கு அந்த ஐந்து பூச்சியம் வெறும் எண்.

நியாயமா என்றால், பழைய முறையே சிறந்த அணியைக் கண்டுபிடிக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் ஐந்தாவது ஆளுக்கு நியாயம் செய்வது புதிய முறைதான். அதனால் புதியதன் பக்கமே நிற்கிறேன்.

2025 இறுதிப் போட்டி இரவு அப்பாவும் கண்விழித்தார். தகரக் கூரையில் மழை, கையில் போன், அதிகாலை நேரம். எதிரணி வேர்ஜீனியா. எரிக் லீயின் ஆட்டத்தில் வெற்றிப் புள்ளி வந்தபோது அப்பா எழுந்து ஆணியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அப்படியே தேநீர் போடப் போனார். முடிவு 4-1.

பெண்களுக்கும் இப்படி உண்டா அண்ணா?

உண்டு, தங்கச்சி. அதே ஐவர், அதே நால்வர் கணக்கு. நேரடி மோதல் 2015 முதல். ரோஸ் ஷாங் ஸ்டான்ஃபர்ட் மாணவியாக 2022, 2023 இரண்டு வருடமும் தனிநபர் பட்டம் வென்றார், அதற்கு முன் எந்தப் பெண்ணும் இரண்டு முறை வென்றதில்லை. 2025இல் நோர்த்வெஸ்டர்ன் ஸ்டான்ஃபர்டை 3-2 என இறுதியில் வீழ்த்தியது. ஓக்லஹோமா மாநிலப் பெண்கள் அணியும் 2021இல் இறுதிவரை போனது. அவர்களுக்கு ஒரு அட்டை எழுத யாராவது முன்வந்தால் சுவரில் இடம் தருகிறேன்.

நான்கு வருடம் முடிந்ததும் எங்கே போகிறார்கள்?

2020இல் ‘பி.ஜி.ஏ. டூர் யூனிவர்சிட்டி’ என்ற தரவரிசை தொடங்கியது. 2023 முதல் அதில் முதலிடம் பெறும் சீனியர் நேராகப் பி.ஜி.ஏ. டூர் என்ற பெரிய தொழில்முறைத் தொடருக்குள் போகலாம். முதலில் அப்படிப் போனவர் டெக்சஸ் டெக் மாணவர் லுட்விக் ஓபெர்க். அடுத்த இடங்களில் நிற்பவர்களுக்கு ஒரு படி கீழேயுள்ள கோர்ன் ஃபெரி தொடர் கிடைக்கும். மற்றவர்களில் பலர் பட்டத்தோடு வேறு வேலைக்குப் போகிறார்கள். ஆகவே சீனியர்களுக்குக் கடைசி மாதங்களில் இரண்டு கணக்கு ஓடும், அணியுடையது ஒன்று, தங்களுடையது ஒன்று.

என் மகன் மைதானத்தில் கெடி வேலை செய்து கூலி வாங்குகிறான். அவன் அங்கே போகவே முடியாதா?

கெடிக் கூலி வாங்குவதால் அமெச்சூர் தகுதி போகாது. அது பை சுமந்ததற்கான கூலி, ஆடி வென்ற பணம் அல்ல. வரம்பு மீறிய பரிசுப் பணம் வாங்குவது, தொழில்முறை வீரராக ஆடுவது போன்றவைதான் ஆபத்து. இதைப் பல பெற்றோர் பயத்தோடு கேட்டிருக்கிறார்கள், தயவுசெய்து மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

ஆனால் வழி நீளமானது என்பதை மறைக்கமாட்டேன். பாடசாலைப் பெறுபேறு, ஆங்கிலத் தேர்ச்சி, என்.சி.ஏ.ஏ. தகுதிப் பதிவு, பயிற்சியாளர்கள் நம்பக்கூடிய போட்டி எண்கள் எல்லாம் வேண்டும். பாடசாலை முடிந்தபின் நீண்ட காலம் சும்மா இருந்தால் ஆடும் தகுதி வருடங்கள் குறையும். உதவித்தொகை பெரும்பாலும் பலருக்குப் பகிரப்படுவது. முன்பு ஆண்கள் அணி ஒன்றுக்கு மொத்தம் 4.5 முழு உதவித்தொகைகள்தான். 2025-26 பருவத்திலிருந்து, புதிய ஏற்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணிக்கு அதிகபட்சம் 9 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. இடம் குறைவு. எனவே முதலில் மகனின் எண்களை எழுதத் தொடங்குங்கள். எந்த மைதானம், என்ன பார், அன்றைய காற்று, எத்தனை அடி. தேதியோடு இரண்டு வருடப் பதிவு இருந்தால் ஒரு கடிதத்தோடு இணைத்து அனுப்ப ஏதாவது கையில் இருக்கும். கடிதத்தை நான் தட்டச்சுச் செய்து தருகிறேன்.

பழைய கொப்பிகளைப் பார்க்கலாமா?

தாராளமாக. மேசைக்கு அடியில் ஐந்து சீ.ஆர். கொப்பிகள் இருக்கின்றன, கடையில் உட்கார்ந்தே பாருங்கள். ஒரு பக்கம் பிரதி வேண்டுமென்றால் காசு வேண்டாம். போன வாரம் ஒரு தம்பி, பிழை என்று நினைத்து, ஒரு பக்கத்திலிருந்த வட்டங்களை அழித்துவிட்டான். அப்பா அன்று மாலை முழுக்க உட்கார்ந்து எண்களைக் கூட்டிப் பார்த்து, அத்தனை வட்டத்தையும் திரும்பப் போட்டார். வட்டங்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.